சிவாலிக் மலையின் பழங்காலப் பாலூட்டிகள்: காடு புல்வெளியானபோது என்ன நடந்தது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாகிஸ்தானின் பொட்வார் மேட்டுநிலத்தில் தொடங்கி ஜம்மு, இமாச்சலப் பிரதேசம், சண்டிகர், உத்தராகண்ட், நேபாளம் வழியாக இமயமலைக்குத் தெற்கே ஓடும் தாழ்வான மலைத்தொடர்தான் சிவாலிக். இந்தியத் துணைக்கண்டத்துப் பாலூட்டிகளின் பழைய வரலாற்றுக்கு இதைவிட நல்ல ஆவணம் வேறு எங்கும் இல்லை. சுமார் 1 கோடியே 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பிருந்து சில லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு வரையிலான காலத்தை இங்குள்ள பாறைகள் அடுக்கடுக்காக வைத்திருக்கின்றன. அந்த அடுக்குகளைப் பற்றியும், அவற்றில் கிடைத்த விலங்குகளைப் பற்றியும், பருவநிலை மாறியபோது அவற்றுக்கு என்ன ஆனது என்பதைப் பற்றியும் வழக்கமாக வரும் கேள்விகள் இவை.

இவ்வளவு எலும்புகள் அங்கே எப்படிச் சேர்ந்தன?

இமயமலை உயர உயர, அதிலிருந்து இறங்கிய ஆறுகள் மணலையும் வண்டலையும் அடிவாரத்தில் கொட்டிக்கொண்டே இருந்தன. அடிவார நிலமோ பாரத்தாலும் நிலத்தட்டுகளின் அழுத்தத்தாலும் தாழ்ந்துகொண்டே போனது. அதனால் வண்டல் மேல் வண்டலாகச் சில இடங்களில் 5,000 மீட்டருக்கும் அதிகமான தடிமனில் சேர்ந்துவிட்டது. பிறகு அதே அழுத்தம் இந்தப் படிவுகளையும் மடித்து மேலே தூக்கியது. ஆழத்தில் கிடந்த அடுக்குகள் இப்போது மலைச்சரிவுகளில் வரிசையாக வெளியே தெரிகின்றன. ஆண்டுதோறும் மழை கொஞ்சம் மண்ணை அரித்துப் போகும். புதிதாகச் சில எலும்புகள் வெளியே தலைகாட்டும்.

முழு எலும்புக்கூடு கிடைப்பது மிக அரிது. பெரும்பாலும் கிடைப்பவை தனிப் பற்கள், தாடைத் துண்டுகள், கணுக்கால் எலும்புகள். இறந்த விலங்கை மற்ற விலங்குகள் கடித்து, வெள்ளம் உருட்டி, வெயில் வெடிக்க வைத்த பிறகு மிஞ்சியவை இவை. எலும்பைவிடப் பல்லின் எனாமல் கெட்டியானது, அதனால் பல்தான் அதிகம் தப்புகிறது. நல்லவேளையாக, ஒரு பாலூட்டியைப் பற்றி அதிகம் சொல்லக்கூடிய உறுப்பும் பல்தான்.

யார் முதலில் இதை ஆராய்ந்தார்கள்?

உள்ளூர் மக்களுக்கு இந்த எலும்புகள் எப்போதுமே தெரியும். அறிவியல் உலகுக்குக் கொண்டுபோனவர்கள் இருவர். ஒருவர் சகாரன்பூர் தாவரவியல் தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட ஸ்காட்லாந்து மருத்துவர் ஹியூ ஃபால்கனர். மற்றவர் கால்வாய்ப் பொறியாளர் ப்ராபி காட்லி. பின்னாளில் கங்கைக் கால்வாயை வெட்டியவரும் இவர்தான். 1830களில் இருவரும் சேர்ந்து திரட்டிய எலும்புகளுக்காக 1837இல் லண்டன் புவியியல் சங்கம் அவர்களுக்கு வொல்லாஸ்டன் பதக்கம் கொடுத்தது. ஒட்டகச்சிவிங்கிக் குடும்பத்தைச் சேர்ந்த, தடித்த கழுத்தும் கிளைத்த கொம்புகளும் கொண்ட சிவதேரியம் என்ற பெரிய விலங்கை 1836இல் விவரித்ததும் இவர்கள்தான்.

ஓர் எலும்பு 80 லட்சம் ஆண்டு பழசு என்று எப்படிச் சொல்கிறார்கள்?

எலும்பை வைத்தல்ல, அது கிடந்த பாறையை வைத்து. பூமியின் காந்தப்புலம் அவ்வப்போது வடக்கு தெற்காகத் திரும்பிக்கொள்ளும். வண்டல் படியும்போது அதிலுள்ள இரும்புத் தாது அன்றைய காந்தத் திசையைப் பதிந்து வைத்துக்கொள்கிறது. ஒரு சரிவில் கீழிருந்து மேலாக மாதிரி எடுத்துக்கொண்டே போனால் நேர், தலைகீழ், நேர், தலைகீழ் என்று ஒரு வரிசை கிடைக்கும். உலகெங்கும் வயது தெரிந்த காந்த வரிசையோடு அதைப் பொருத்திப் பார்ப்பார்கள். 1970களில் நீல் ஆப்டைக்கும் அவருடன் இருந்தவர்களும் பொட்வாரில் இதைச் செய்து முடித்த பிறகுதான் சிவாலிக் எலும்புகளுக்கு நம்பகமான காலக்கணக்கு வந்தது. அதற்கு முன்பு "கீழ்ச் சிவாலிக்", "மேல்ச் சிவாலிக்" என்று தோராயமாகச் சொல்வதோடு நின்றது.

ஒரு கோடி ஆண்டுகளுக்கு முன்பு அந்த நிலம் எப்படி இருந்தது?

இன்றைய பொட்வார் வறண்ட, முள்ளும் புதருமான நிலம். அன்றைக்கு அது அகலமான ஆறுகள் ஓடிய சமவெளி. காடு, இடையிடையே திறந்த வெளி, ஆற்றோரச் சதுப்பு என்று கலந்து கிடந்தது. அங்கே வாழ்ந்தவற்றைப் பார்த்தாலே அந்த நிலம் எப்படி இருந்தது என்று புரிந்துவிடும். சருகுமான் வகைகள் ஏராளம். கீழ்த்தாடையில் கீழ்நோக்கி வளைந்த தந்தம் கொண்ட டைனோதேரியம், நான்கு தந்தம் கொண்ட கோம்போதேரியம், பல இனக் காண்டாமிருகங்கள், காட்டுப்பன்றிகள், ஒட்டகச்சிவிங்கியின் உறவினர்கள், பழம் தின்னும் வாலில்லாக் குரங்கான சிவபித்தேகஸ். மரங்களில் தேவாங்கின் உறவினர்களும் இருந்தார்கள்.

இந்தப் பட்டியலில் சருகுமானும் தேவாங்கும் எனக்குத் தனியாகக் கண்ணில் படும். இன்று சருகுமானைப் பார்க்க நாம் மேற்குத்தொடர்ச்சி மலைக் காடுகளுக்குப் போகிறோம். அதன் குடும்பம் ஒரு காலத்தில் இமயமலை அடிவாரம் வரை சாதாரணமாகத் திரிந்தது. காடு எங்கெல்லாம் பின்வாங்கியதோ அங்கெல்லாம் அதுவும் காணாமல் போயிற்று.

சரி, என்னதான் மாறியது?

தாவரம் மாறியது. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாப் பதில்களும் இதன்மேல்தான் நிற்கின்றன.

தாவரங்கள் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்ளும் முறையில் இரண்டு பெரிய வகைகள் உண்டு. மரங்கள், செடிகொடிகள், நெல் எல்லாம் பழைய முறையான சி3 வகை. கரும்பு, சோளம், கம்பு, கேழ்வரகு, அருகம்புல் எல்லாம் சி4 வகை. வெப்பம் அதிகமாகவும் காற்றில் கார்பன் டை ஆக்சைடு குறைவாகவும் இருக்கும்போது சி4 புற்கள் கை ஓங்கும். தண்ணீரையும் அவை சிக்கனமாகச் செலவழிக்கும்.

இந்த இரண்டு வகையும் கார்பன்-13 என்ற, சாதாரணக் கார்பனைவிடச் சற்றுக் கனமான அணு வகையை (ஐசோடோப்பை) வெவ்வேறு அளவில் உள்ளே எடுக்கின்றன. அவை மட்கிய மண்ணில் உருவாகும் சுண்ணாம்பு முண்டுகளிலும் அந்த வேறுபாடு பதிகிறது. நம் ஊரில் சுக்கான் கல் என்போமே, அதே மாதிரி முண்டுகள்தான். 1989இல் ஜே குவேட், துரே செர்லிங் ஆகியோர் பொட்வாரின் பழைய மண் அடுக்குகளிலிருந்து இவற்றை எடுத்து அளந்து வெளியிட்டார்கள். சுமார் 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு வரை கிட்டத்தட்ட முழுக்க சி3. சுமார் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு பார்த்தால் பெரும்பாலும் சி4. நடுவிலுள்ள 20 லட்சம் ஆண்டுகளில் காடும் புதரும் விலகி வெப்பமண்டலப் புல்வெளி அந்தச் சமவெளியைப் பிடித்துக்கொண்டது.

புல் ஏன் வென்றது? பருவமழைதான் காரணமா?

ஆய்வாளர்களிடையே இதில் வாதம் இருக்கிறது. உலகம் சுமார் 1 கோடியே 40 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பிருந்தே குளிர்ந்துகொண்டு வந்தது, அண்டார்டிகாவில் பனி பெருகியது. காற்றில் கார்பன் டை ஆக்சைடு குறைந்ததுதான் காரணம் என்று செர்லிங் 1997இல் எழுதினார். ஆனால் சி4 புற்கள் உலகமெங்கும் ஒரே சமயத்தில் பரவவில்லை. கிழக்கு ஆப்பிரிக்காவில் முன்னதாகவே தொடங்கிவிட்டன. அப்படியானால் உள்ளூர்க் காரணமும் சேர்ந்திருக்க வேண்டும். மழை ஆண்டு முழுவதும் பரவலாகப் பெய்யாமல் சில மாதங்களில் கொட்டிவிட்டு மீதி மாதங்கள் வறண்டு கிடந்தால் மரக்கன்றுகள் தாங்காது. காய்ந்த புல்லில் தீ பிடித்தால் மரம் கருகும், புல் மறுமழைக்கு முளைத்துவிடும். பொட்வார் முண்டுகளிலுள்ள ஆக்சிஜன் ஐசோடோப்புகளும் அதே காலத்தில் மாறியிருப்பதால், வறட்சியின் பங்கு பெரியது என்றே நான் நினைக்கிறேன். கார்பன் டை ஆக்சைடு குறைந்தது மேடை போட்டுக் கொடுத்தது, வறண்ட மாதங்களும் தீயும் மீதி வேலையைச் செய்தன என்பது எனக்கு ஏற்கத்தக்க விளக்கம்.

ஒரு விலங்கு என்ன தின்றது என்று அதன் பல்லிலிருந்து எப்படித் தெரியும்?

மேலே சொன்ன அதே கார்பன் கணக்குதான். தின்ற தீனியின் கார்பன் பல் எனாமலில் போய்ச் சேர்கிறது.

வேலை நடக்கும் விதத்தைப் பார்த்தால் நம்பிக்கை வரும். சிவாலிக் பற்கள் பெரும்பாலும் கருப்பாகவோ பழுப்பாகவோ பளபளப்பாக இருக்கும். ஒட்டியிருக்கும் மண்ணையும் பல்லின் உள்பகுதியையும் விலக்கிவிட்டு, பல் மருத்துவர் வைத்திருக்கும் துளையிடும் கருவியாலேயே எனாமலை மட்டும் மெல்லச் சுரண்டி எடுப்பார்கள். சில மில்லிகிராம் தூள் போதும். பிற்காலத்தில் நிலத்தடி நீரால் சேர்ந்த கார்பனேட்டை மென்மையான அமிலத்தில் கழுவி நீக்குவார்கள். பிறகு பாஸ்பாரிக் அமிலத்தில் போட்டால் கார்பன் டை ஆக்சைடு வாயு வெளிவரும், அதை நிறை நிறமாலைமானியில் அளப்பார்கள். கார்பன்-13 ஒரு பொது அளவுகோலைவிட ஆயிரத்துக்கு எத்தனை பங்கு கூடுதல் அல்லது குறைவு என்பதுதான் கணக்கு. இலைதழை தின்ற விலங்கானால் அளவு மைனஸ் 8க்குக் கீழே போகும். சி4 புல் தின்றதானால் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். இரண்டையும் கலந்து தின்றவை நடுவில்.

குதிரைப் பல் போல உயரமான பல் வளர்ந்து முடிய ஓராண்டுக்கும் மேல் ஆகும். அதனால் ஒரே பல்லில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாகத் தூள் எடுத்தால், மழைக்காலத்தில் என்ன தின்றது, வறண்ட காலத்தில் என்ன தின்றது என்பதுகூடத் தெரிந்துவிடும். 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு ஒரு குட்டிக் குதிரை கடந்த இரண்டு பருவங்களை இப்படிப் படிக்க முடிகிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

அந்த விலங்குகளுக்கு என்ன ஆனது?

ஜான் பேரி, கேத்தரின் பேட்ஜ்லி ஆகியோர் பொட்வார் எலும்புகளை இனம் இனமாகக் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். பழம் தின்றவையும் இலைதழையை மட்டும் நம்பியவையும் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தன. இலையும் புல்லும் கலந்து தின்றவற்றில் சில, மெல்ல மெல்லப் புல்லுக்கு மாறிப் பிழைத்தன. வெளியிலிருந்து புதிதாக வந்தவை பெரும்பாலும் திறந்த வெளிக்குப் பழகியவை.

பருவநிலை மாறியது, உடனே விலங்கு மாறியது என்று பலர் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. இடையில் தாவரம் இருக்கிறது. வெயிலோ குளிரோ நேரடியாகக் கொன்ற விலங்குகள் குறைவு. தீனி போனதால் போனவைதான் அதிகம். ஒரே சமவெளியில் ஒரே வெயிலில் நின்ற இரண்டு இனங்களில், வேறு தீனிக்கு மாற முடிந்தது தப்பியது, மாற முடியாதது அழிந்தது.

புல் தின்ன வேண்டும் என்பதற்காகப் பல் உயரமாக வளர்ந்ததா?

வேண்டும் என்று எந்த விலங்கும் தன் பல்லை மாற்றிக்கொள்ள முடியாது. புல்லில் மணிக்கல் போன்ற சிலிக்காத் துகள்கள் உண்டு, தரையோடு மேய்வதால் மண்ணும் வாயில் சேரும். இரண்டும் பல்லைத் தேய்க்கும். பல் சீக்கிரம் தேய்ந்த விலங்கு சீக்கிரம் பட்டினி கிடந்து சாகும். பிறவியிலேயே கொஞ்சம் உயரமான பல் வாய்த்தது கூடுதலாகச் சில ஆண்டுகள் வாழ்ந்து கூடுதலாகக் குட்டி போடும். இது லட்சக்கணக்கான ஆண்டுகள் தொடர்ந்தால் இனத்தின் பல்லே உயர்ந்துவிடுகிறது.

பழக்கம் முதலில் மாறுகிறது, உடம்பு பின்னால் வருகிறது. ஆப்பிரிக்க யானைக் குடும்பத்தில் ஏட்ரியன் லிஸ்டர் இதைக் காட்டினார். அங்கே யானை இனங்கள் சுமார் 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே புல் மேயத் தொடங்கிவிட்டன. பல் நன்றாக உயர்ந்தது சுமார் 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன்புதான். நடுவில் 30 லட்சம் ஆண்டுகள், பொருந்தாத பல்லை வைத்துக்கொண்டே மேய்ந்திருக்கின்றன.

குதிரை எங்கிருந்து வந்தது?

வட அமெரிக்காவிலிருந்து. குதிரைக் குடும்பம் வளர்ந்த இடம் அதுதான். கடல் மட்டம் தாழ்ந்தபோது பெரிங் நிலப்பாலம் வழியாக ஆசியாவுக்கு வந்த ஹிப்பாரியன் வகைக் குதிரைகள், சுமார் 1 கோடியே 8 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு பொட்வாரில் தோன்றுகின்றன. ஒவ்வொரு காலிலும் மூன்று விரல். வந்த புதிதில் அங்கே சி4 புல்வெளி இல்லை. அதனால் அவை சி3 தாவரங்களையே தின்றன. உயரமான பல்லோடு முன்னதாகவே வந்து சேர்ந்திருந்ததால், புல்வெளி பரவியபோது அவற்றுக்குச் சிரமம் குறைவு. இன்றைய குதிரையின் நேரடி இனமான ஒற்றைக் குளம்பு ஈக்வஸ் சிவாலிக்குக்கு வந்தது அதற்கு வெகு காலம் கழித்து, சுமார் 26 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு.

ராமபித்தேகஸ் மனித மூதாதை என்று படித்தோமே?

அந்தக் கருத்து 1980களிலேயே கைவிடப்பட்டது. 1930களில் இமாச்சலத்தின் ஹரிதல்யாங்கரில் கிடைத்த தாடைத் துண்டை வைத்து ராமபித்தேகஸ் என்று பெயரிட்டார்கள். டேவிட் பில்பீமும் பாகிஸ்தான் புவியியல் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து செய்த அகழ்வில் சிவபித்தேகஸின் முக எலும்பு நல்ல நிலையில் கிடைத்தது. 1982இல் அது வெளியானது. அந்த முகம் ஒராங்குட்டானை உரித்து வைத்திருந்தது. ராமபித்தேகஸ் என்பது சிறிய சிவபித்தேகஸ்தான் என்று முடிவாயிற்று. பின்னர் கிடைத்த கை எலும்புகள் ஒராங்குட்டானுடையது போல இல்லை என்பதால் உறவு எவ்வளவு நெருக்கம் என்ற விவாதம் தொடர்கிறது.

பருவநிலைக் கதையில் சிவபித்தேகஸின் இடம் முக்கியமானது. ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு மரத்தில் பழம் வேண்டும் அதற்கு. சுமார் 85 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு பொட்வாரில் அதன் தடம் நின்றுவிடுகிறது. அப்புறம் 80 லட்சம் ஆண்டுகளை ஒட்டி அங்கே வருவது இலை தின்னும் வாலுள்ள குரங்குகள், நம் மந்திக் குரங்குகளின் கூட்டம்.

சிறிய விலங்குகளைப் பற்றி யாரும் பேசுவதில்லையே?

பேச வேண்டும். பெரிய எலும்பு கண்ணில் படும், எலிப் பல் படாது. மூட்டை மூட்டையாக வண்டலை அள்ளி வந்து, நீரில் ஊறவைத்து, நுண்ணிய சல்லடையில் கழுவி, காய்ந்த மிச்சத்தை நுண்ணோக்கியின் கீழ் பரப்பி ஒவ்வொரு பல்லாகப் பொறுக்க வேண்டும். ஒரு பல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர். இந்தப் பொறுமைக்குக் கிடைத்த பலன் பெரியது: இன்று உலகமெங்கும் பரவியிருக்கும் சுண்டெலிக் குடும்பத்தின் மிகப் பழைய உறுப்பினர்களில் ஒன்றான ஆன்டிமஸ், சுமார் 1 கோடியே 40 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய பொட்வார் அடுக்குகளில் கிடைத்தது. நிலம் வறண்டபோது மூங்கில் எலிக் குடும்பம் வளை தோண்டி நிலத்தடிக்குப் போனதையும் பற்களும் மண்டையோடுகளும் காட்டுகின்றன.

நம் யானை இந்தக் கதையில் எங்கே வருகிறது?

கடைசிப் பகுதியில். கோம்போதேரியத்தின் கடைவாய்ப் பல்லில் மேடு மேடாகச் சில குமிழ்கள்தான் இருக்கும், இலையும் பழமும் நசுக்க அது போதும். ஸ்டெகோடான் யானைகளில் அவை தாழ்வான வரப்புகளாயின. உண்மையான யானையில் அந்த வரப்புகள் உயர்ந்து, மெல்லிய தட்டுகளாகி, ஒன்றோடொன்று நெருங்கிக் கொத்திய அம்மிக்கல் மாதிரி ஆயின. மேல்ச் சிவாலிக்கில் முதலில் வரும் எலிபஸ் பிளானிஃப்ரான்ஸில் தட்டுகள் குறைவு. சுமார் 27 லட்சம் ஆண்டுகளை ஒட்டி வரும் எலிபஸ் ஹைசுட்ரிகஸில் கூடுதல். அதன் வழித்தோன்றலாகக் கருதப்படும் இன்றைய ஆசிய யானையின் கடைசிக் கடைவாய்ப் பல்லில் இருபதுக்கும் மேல். முதுமலையில் ஒரு யானை புல்லைப் பிடுங்கி, காலில் தட்டி மண்ணை உதறிவிட்டு வாயில் வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதை அரைக்கும் பல் இப்படி உருவானதுதான்.

இயற்கையாகவே பருவநிலை மாறியிருக்கிறது என்றால், இப்போதைய மாற்றத்துக்கு ஏன் பயம்?

வேகத்தால். சிவாலிக்கில் காடு புல்வெளியாக 10, 20 லட்சம் ஆண்டுகள் ஆயின. அந்த அவகாசத்திலும் ஏராளமான இனங்கள் தப்பவில்லை. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு சுமார் 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு இருநூறு சொச்சம் ஆண்டுகளில் 420ஐத் தாண்டிவிட்டது. அன்று காடு நகர்ந்தால் விலங்கும் கூடவே நகர வழி இருந்தது. இன்று நடுவில் நெடுஞ்சாலையும் ஊரும் வயலும் நிற்கின்றன.

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ இப்படிப் படிவுகள் உண்டா?

சிவாலிக் அளவுக்கு இல்லை. தமிழ்நாட்டின் பெரும்பகுதி மிகப் பழைய கெட்டிப் பாறை. அரியலூர்ப் பக்கத்துப் புகழ்பெற்ற படிவுகள் டைனோசர் காலத்துக் கடல் படிவுகள். இலங்கையில் இரத்தினபுரியில் நல்ல சான்று உண்டு. மாணிக்கக் கல் தேடித் தோண்டும் குழிகளின் சரளை மண்ணிலிருந்து நீர்யானை, காண்டாமிருகம், சிங்கம் ஆகியவற்றின் எலும்புகளை பி. ஈ. பி. தெரணியகல விவரித்தார். இன்று இந்த மூன்றும் அந்தத் தீவில் இல்லை. சிவாலிக்கில் சுமார் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு தோன்றும் ஹெக்சாபுரோட்டோடான் நீர்யானைகளின் உறவினம்தான் இரத்தினபுரி நீர்யானை. பனிக்காலங்களில் கடல் மட்டம் தாழ்ந்தபோது பாக் நீரிணை நடந்து கடக்கும் நிலமாக இருந்தது.

நேரில் எங்கே பார்க்கலாம்?

இமாச்சலத்தின் சிர்மௌர் மாவட்டத்தில் சாகேதி புதைபடிவப் பூங்கா இருக்கிறது, முழு உருவ மாதிரிகளும் உண்டு. கொல்கத்தாவின் இந்தியன் மியூசியத்தில் அசல் எலும்புகளைப் பார்க்கலாம். ஃபால்கனர், காட்லி திரட்டியவற்றில் பெரும்பகுதி லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில்.

கிணறு வெட்டும்போதோ ஆற்றங்கரையிலோ கல்லான எலும்பு போல ஒன்று கிடைத்தால் என்ன செய்வது?

முடிந்தால் எடுக்காமல் அப்படியே விடுங்கள். பக்கத்தில் ஒரு நாணயத்தையோ அளவுகோலையோ வைத்துப் படம் எடுங்கள். அதைச் சுற்றியுள்ள மண் அடுக்கும் தெரியும்படி தள்ளி நின்று இன்னொரு படம். எந்த ஆழத்தில், என்ன நிற மண்ணில் இருந்தது என்று எழுதி வையுங்கள், இடத்தைக் கைப்பேசி வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணெய், வார்னிஷ், பெவிகால் எதுவும் தடவ வேண்டாம், அவை பின்னால் செய்யும் வேதியியல் சோதனையைக் கெடுத்துவிடும். ஏற்கெனவே கையில் எடுத்துவிட்டால் காகிதத்தில் சுற்றி, சிறு துண்டுகளையும் சேர்த்து வையுங்கள். பிறகு இந்தியப் புவியியல் ஆய்வு மையத்துக்கோ அருகிலுள்ள கல்லூரிப் புவியியல் துறைக்கோ தெரிவியுங்கள். எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று தெரியாத பல்லுக்கு வயது சொல்ல முடியாது. அதனால் பல்லைவிட அது கிடந்த இடத்தின் குறிப்பே அவர்களுக்கு முதலில் வேண்டும்.